வீட்டிலேயே தாய்லாந்து தேங்காய்ப்பால் சூப்: டாம் கா காய் முழு வழிகாட்டி

டாம் கா செய்யலாம் என்று முடிவெடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கை பழக்கத்தில் வெளியே எடுத்த இஞ்சி பூண்டு விழுது டப்பாவைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைப்பது. இரண்டாவது, தாளிக்கும் ஆசையை விடுவது. கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, மஞ்சள் தூள் கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படிச் செய்தால் சுமாரான கோழிக் குருமா கிடைக்கும், டாம் கா கிடைக்காது.

இதில் சமையல் என்று பார்த்தால் மூன்றே காரியம்தான். இஞ்சி போன்ற கிழங்கான அரத்தையின் வாசனையைத் தேங்காய்ப்பாலுக்குள் இறக்க வேண்டும், அந்தப் பாலிலேயே கோழியை வேக வைக்க வேண்டும், அடுப்பை அணைத்த பிறகு புளிப்பையும் காரத்தையும் சேர்க்க வேண்டும். நறுக்குவது உட்பட முக்கால் மணி நேரம் போதும். ஆனால் இந்த வரிசை முக்கியம், குறிப்பாக அந்தக் கடைசிக் காரியம்.

இது மத்திய தாய்லாந்துச் சமையல். 1890-இல் வந்த ஒரு தாய் சமையல் நூலிலேயே டாம் கா இருக்கிறது, ஆனால் அப்போது இது சூப் இல்லை. கோழியையோ வாத்தையோ நிறைய அரத்தை போட்டு, நீர்த்த தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கறித்துண்டை எடுத்து வறுத்த மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். பின்னால்தான் குழம்பு கூடி சூப்பாகியிருக்கிறது. இன்றைக்கும் அங்கே இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் தனியாகக் குடிப்பதில்லை, நடுவில் ஒரு பெரிய கிண்ணத்தில் வைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகச் சோற்றோடு சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சோற்றோடு சாப்பிடுவது என்று தெரிந்துவிட்டால் உப்பும் புளிப்பும் எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

டாம் யம் என்ற இன்னொரு தாய்லாந்து சூப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது இறால் போட்ட டாம் யம். இரண்டிலும் விழும் இலை, தண்டு, கிழங்கு ஏறக்குறைய ஒன்றே, ஆனால் டாம் யம்மில் புளிப்பும் காரமும் முன்னால் நிற்கும், டாம் காவில் அரத்தை முன்னால் நிற்கும். தேங்காய்ப்பாலின் வேலை அந்த அரத்தைக்குப் பின்னால் பஞ்சு மெத்தை போட்டுக் கொடுப்பது மட்டும்தான்.

என்னென்ன வேண்டும்

சோற்றோடு நான்கு பேருக்கு இந்த அளவு சரியாக வரும்.

எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 350 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, தண்ணீர் அல்லது உப்பில்லாத கோழி எலும்புச் சாறு 400 மில்லி, பச்சை அரத்தை 50 முதல் 60 கிராம், எலுமிச்சைப் புல் 3 தண்டு, மாக்ருட் எலுமிச்சை இலை 6 அல்லது 7, காளான் 200 கிராம், சின்ன வெங்காயம் 4, கொத்தமல்லி வேர் 3 அல்லது 4, ஊசி மிளகாய் 6 முதல் 8, மீன் சாஸ் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, மேலே தூவக் கொஞ்சம் மல்லித்தழை. தூள் உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது, மீன் சாஸே போதுமான உப்பைக் கொண்டுவந்துவிடும்.

இதில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதுதான் நம் வீடுகளில் வரும் உண்மையான கேள்வி, அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரத்தை. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை என்று கேட்டால் கொடுப்பார்களே, வறட்டு இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்வோமே, அந்தக் காய்ந்த சின்னத் துண்டு இந்த சூப்புக்கு ஆகாது. வேண்டியது அதன் பெரிய வகையான பேரரத்தை, அதுவும் பச்சையாக. பார்க்க இஞ்சி மாதிரி இருந்தாலும் தோல் வழுவழுப்பாக, வளையம் வளையமாகக் கோடு போட்டு, முளை விடும் இடத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு வில்லை நறுக்கி முகர்ந்து பாருங்கள், இஞ்சி வாடை வராது, மிளகும் தைலமும் கலந்தது போல ஒரு வாசனை மூக்கில் ஏறும். யூக்கலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோல் இதிலும் உண்டு, அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. இளசாகக் கிடைத்தால் விடாதீர்கள், வில்லையை மென்றே சாப்பிடலாம். முற்றியதை வெட்டக் கனமான கத்தி வேண்டும், சின்னக் கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்த்துவிடும்.

சென்னை போன்ற நகரங்களில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆன்லைனிலும் தாய் மூலிகைகள் கிடைக்கின்றன. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, லெங்குவாஸ் என்று காலைச் சந்தையில் கேட்டால் போதும். அரத்தை கிடைக்கவே இல்லை என்றால்? இஞ்சி போட்டு ஒரு சூப் செய்யலாம், ருசியாகவும் இருக்கும், ஆனால் அது வேறு சூப். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எலுமிச்சைப் புல். இலங்கையில் சேரை, மலேசியாவில் செராய். டீயில் போடும் இலை நுனிகள் இங்கே உதவாது, அடியில் வெண்மையாகத் தடித்திருக்கும் நான்கைந்து அங்குலத் தண்டுதான் வேண்டும். தொட்டியில் வைத்தால் தானாகப் பெருகும், வாரம் ஒருமுறை வாங்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

மாக்ருட் எலுமிச்சை இலை. ஒரே காம்பில் இரண்டு இலை அடுக்கி ஒட்டவைத்தது போல இருக்கும். மலாய்க்காரர்கள் லீமாவ் பூருட் என்பது இதைத்தான். இது கிடைக்காத ஊரில் நம்மிடம் ஒரு நல்ல மாற்று இருக்கிறது: நாரத்தை இலை. வேப்பிலைக்கட்டி இடிக்கப் பயன்படுத்தும் அதே இலை. வாசனை முழுக்க ஒன்றல்ல, ஆனால் பக்கத்தில் வரும். கொழுந்தாகப் பார்த்து எடுங்கள், அளவைப் பாதியாக்குங்கள், முற்றிய நாரத்தை இலை கசக்கும். சாதாரண எலுமிச்சை இலையும் பரவாயில்லை.

எலுமிச்சம்பழத்தைப் பொறுத்தவரை நமக்குத்தான் அதிர்ஷ்டம். தாய்லாந்தில் மனாவ் என்று சொல்வதும் நம்மூரில் பையில் அள்ளிப் போடும் சின்ன எலுமிச்சையும் ஒரே இனம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரிய மஞ்சள் லெமனை விட்டுவிட்டு, பச்சை லைமை வாங்குங்கள். வினிகர் வேண்டாம், புளிக்கரைசலும் வேண்டாம்.

மீன் சாஸ், அதாவது தாய்லாந்தில் ‘நாம் ப்லா’ எனப்படுவது, நெத்திலியையும் உப்பையும் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்து இறக்கும் தெளிந்த சாறு. பாட்டிலைத் திறந்ததும் கருவாட்டுச் சந்தை வாடை வரும், பயப்பட வேண்டாம், சூப்பில் விழுந்ததும் அந்த வாடை அடங்கிச் சுவையாகிவிடும். லேபிளில் மீன், உப்பு, மிஞ்சினால் சர்க்கரை, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

மிளகாய்க்கு ஊசி மிளகாய், கேரளக் கடையில் கிடைத்தால் காந்தாரி. நீட்டு பச்சை மிளகாய் போட்டால் காரம் வரும், மணம் வராது. கொத்தமல்லி வேர் தனியாக விற்காது, ஆனால் சந்தையில் வேரோடுதானே கட்டுகிறார்கள், நாம்தான் அதை வெட்டிக் குப்பையில் போடுகிறோம். இனிமேல் மண்ணைச் சுரண்டிக் கழுவி எடுத்து வையுங்கள். தழையைவிட ஆழமான, கொஞ்சம் மிளகு வாடை கலந்த மணம் அதில்தான் இருக்கிறது. காளானுக்கு வைக்கோல் காளான் பொருத்தம், சிப்பிக் காளான் அதைவிட எனக்குப் பிடிக்கும், பட்டன் காளானும் குறை இல்லை.

தேங்காய்ப்பால்: டின்னா, தேங்காயா?

டின் அல்லது அட்டைப்பெட்டிப் பால் என்றால் உள்ளடக்கத்தைப் படித்து, தேங்காய்ச் சாறும் தண்ணீரும் மட்டும் உள்ளதை எடுங்கள். கெட்டித்தன்மைக்காகப் பசைப்பொருள் சேர்த்தது பார்க்கத் திரியாமல் அழகாக இருக்கும், நாக்கில் ஒரு வழவழப்பு நிற்கும். பவுடர் அவசரத்துக்கு மட்டும்.

தேங்காய் உடைத்துச் செய்வதானால் முற்றிய பெரிய தேங்காய் ஒன்றரை. துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கப் ஊற்றி அரைத்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் முதல் பால். சக்கையை இன்னும் இரண்டு கப் தண்ணீரில் அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். திருநெல்வேலிச் சொதியோ யாழ்ப்பாணத்துச் சொதியோ வைத்துப் பழகியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இரண்டாம் பாலில் வேகவைத்து முதல் பாலைக் கடைசியில் விடும் அதே ஒழுங்குதான் இங்கேயும். டின் பால் பயன்படுத்தினால் அதில் பாதியைத் தண்ணீரோடு கலந்து இரண்டாம் பாலாக வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதியை முதல் பாலாக ஒதுக்குங்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது புரதம். அதிகச் சூட்டில் அந்தப் பிடி விடுகிறது, எண்ணெய் மேலே பிரிகிறது. கொதிக்கும்போதே எலுமிச்சையும் விழுந்தால் புரதம் திரண்டு தயிர் உடைந்தது போலத் திப்பித் திப்பியாக வரும். தாய்லாந்துக் குழம்புகளில் எண்ணெய் பிரிய வேண்டும் என்று வேண்டுமென்றே காய்ச்சுவார்கள், டாம் காவுக்கு அது வேண்டாம். மேலே சின்னச் சின்னக் கொழுப்புப் பொட்டுகள் மினுங்கினால் பரவாயில்லை.

செய்முறை

முதலில் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிடுங்கள், அடுப்பைப் பற்றவைத்த பிறகு நேரம் கிடைக்காது. அரத்தையைக் கழுவி, தோலோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். எலுமிச்சைப் புல்லின் காய்ந்த மேலிலைகளை உரித்து, அடிக்கட்டையைச் சீவி, அம்மிக் குழவியாலோ கத்தியின் பின்பக்கத்தாலோ நாலு போடு போட்டு, இரண்டு அங்குலத் துண்டுகளாக்குங்கள். தட்டாமல் போட்டால் வாசனை உள்ளேயே இருந்துவிடும். வெங்காயம், கொத்தமல்லி வேர் இரண்டையும் நசுக்கினால் போதும். மாக்ருட் இலையை நடு நரம்பை உருவி எடுத்துவிட்டுக் கையால் கிழித்துக்கொள்ளுங்கள். ஊசி மிளகாயைக் காம்பு கிள்ளி லேசாகத் தட்டுங்கள்: எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு காரம், ஆகவே குழந்தைகள் சாப்பிடுவதானால் கீறல் மட்டும் போதும்.

கோழியை இழைக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் தடிமனில், கடித்தால் வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்குங்கள். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சொன்னபடி வெட்டும். நெஞ்சுக்கறி போடுபவர்கள் போடுங்கள், ஆனால் அது ஒரு நிமிடம் கூடினாலும் சக்கையாகிவிடும், தொடை மன்னிக்கும்.

இப்போது அடுப்பு. அகலமான பாத்திரத்தில் இரண்டாம் பாலை ஊற்றி, டின் பாலாக இல்லாவிட்டால் 100 மில்லி தண்ணீரோ எலும்புச் சாறோ சேர்த்து, அரத்தை, எலுமிச்சைப் புல், வெங்காயம், கொத்தமல்லி வேர், அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் குளிர்ந்த பாலிலேயே போட்டு, மிதமான தீயில் ஏற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டி அசைய ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் எட்டு முதல் பத்து நிமிடம் விடுங்கள். பொறுமையாக இருக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். முதலில் தேங்காய் வாடை மட்டும் வரும், அப்புறம் எலுமிச்சைப் புல், எல்லாவற்றுக்கும் பிறகுதான் அரத்தை எழும்பும். ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பாருங்கள். தொண்டையில் லேசான உறைப்பும் குளிர்ச்சியும் தெரிகிறதா? இன்னும் மிளகாயே போடவில்லை, அந்த உறைப்பு அரத்தையுடையது. தெரியவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள், முற்றிய கிழங்குக்கு நேரம் பிடிக்கும்.

அரத்தை இறங்கியதும் கோழியைப் போட்டு, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே ஒரு தடவை பிரித்துவிட்டு, கரண்டியைக் கீழே வையுங்கள். மேல்புறம் வெளுக்கும் வரை கிண்டாதீர்கள். தொடைக்கறிக்கு ஐந்தாறு நிமிடம், நெஞ்சுக்கு மூன்று நான்கு. தடிமனான துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே மிதக்கும் சாம்பல் நிற நுரையை எடுத்துவிடலாம்.

காளான் போட்டு இரண்டு நிமிடம்.

அடுத்து முதல் பால், கிழித்த இலை, சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி மீன் சாஸ். இந்த இடத்தில் தீ சிறியதாக இருக்கட்டும். மெதுவாகக் கலக்கி, ஆவி பறந்து ஓரம் மட்டும் அசையும் வரை சூடாக்கி, பெரிய குமிழ் வருவதற்கு முன்னால் அணைத்துவிடுங்கள். சூப் இப்போது பால் மாதிரித்தான் ஓட வேண்டும், கரண்டியின் முதுகில் பூசிக்கொண்டு நிற்கக் கூடாது. கெட்டியாகத் தெரிந்தால் தயங்காமல் கொஞ்சம் வெந்நீர் விடுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றும் பழக்கம் சில உணவகங்களில் இருக்கிறது, இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

அணைத்து ஒரு நிமிடம் கழித்து, பரிமாறும் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறையும் தட்டிய மிளகாயையும் முதலில் போட்டு, அதன் மேல் சூப்பை ஊற்றுங்கள். தாய்லாந்து வீடுகளில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், காரணமும் இருக்கிறது: எலுமிச்சையின் வாசனை கொதியில் பறந்துபோய்ப் புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும், மிளகாயும் வெந்தால் பச்சை மணத்தை இழந்து வெறும் காரமாகிவிடும். மேலே மல்லித்தழை. நாலைந்து காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் கருகாமல் வறுத்து மிதக்கவிடலாம், அதன் புகைவாசனை தேங்காய்ப்பாலுக்கு நன்றாகச் சேரும்.

சுவை பார்த்துச் சரிசெய்வது

மீதி ஒரு கரண்டி மீன் சாஸும் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் கையில் இருக்கிறதல்லவா, அது இதற்குத்தான். எந்தச் செய்முறையும் உங்கள் எலுமிச்சையின் புளிப்பையோ உங்கள் மீன் சாஸின் உப்பையோ முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதலில் உப்பைச் சரிசெய்யுங்கள், பிறகு புளிப்பு. குடித்ததும் சப்பென்று இருந்தால் மீன் சாஸ் குறைவு. இரண்டாவது வாயிலேயே திகட்டினால் எலுமிச்சை குறைவு. புளிப்பு குத்தினால் கொஞ்சம் முதல் பால், அல்லது ஒரு சிட்டிகை சர்க்கரை. தனியாகக் குடிக்கும்போது ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் சோற்றோடு சரியாக இருக்கும். இனிப்பு முன்னால் வந்து நின்றால் அது சுற்றுலாப் பயணிகளுக்கான பதிப்பு.

தாய்லாந்தில் இதற்கு மல்லிகை அரிசிச் சோறு. நம் வீட்டில் பொன்னிப் பச்சரிசியைக் குழையாமல் வடித்தால் நன்றாகவே பொருந்தும், பாஸ்மதி தேவையில்லை. சாப்பிடும்போது முற்றிய அரத்தை, புல், இலை எல்லாவற்றையும் கிண்ணத்து ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள், அவை மெல்வதற்கு அல்ல. விருந்தினருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் மரியாதைக்காக எலுமிச்சைப் புல்லை மென்றுகொண்டே இருப்பார்.

சைவம், கடல் உணவு, இன்னபிற

சைவத்துக்குச் சிப்பிக் காளானை 400 கிராமாக்கி, கெட்டி டோஃபு சேர்த்து, மீன் சாஸுக்குப் பதில் வெளிர் நிற சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டியும் உப்பும் போடுங்கள். அடர் நிற சோயா சாஸ் வேண்டாம், சூப் காபி நிறமாகிவிடும். காளான் தண்டுகளைக் கொதிக்கவைத்த தண்ணீரை எலும்புச் சாறுக்குப் பதிலாக ஊற்றினால் ருசி கூடும். பாங்காக் போகும் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மெனுவில் காய் என்று இருப்பது கோழி. காளான் வேண்டுமென்றால் டாம் கா ஹெட், அதிலும் மீன் சாஸ் இருக்கும், அது கூட வேண்டாம் என்றால் 'ஜே' என்று சொல்ல வேண்டும்.

இறால், மீன் போடுவதானால் முதல் பாலுக்குச் சற்று முன்னால் போடுங்கள், இறாலுக்கு இரண்டு நிமிடம் தாராளம். வஞ்சிரம், கொடுவா இரண்டும் உடையாமல் நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில சூப்புகள் இருக்கின்றன, வெளியே அவ்வளவாகத் தெரியாதவை. அல்லித் தண்டையும் அவித்த கானாங்கெளுத்தி வகை மீனையும் தேங்காய்ப்பாலில் போட்டு ஒன்று, புளியங்கொழுந்தும் கருவாடும் போட்டு இன்னொன்று. இரண்டாவதை நம்மால் சுலபமாகச் செய்ய முடியும்: புளிப்புக்குக் கொழுந்து, உப்புக்குக் கருவாடு, மீதியெல்லாம் மேலே சொன்ன இரண்டாம் பால், முதல் பால் கணக்குதான். புளியங்கொழுந்து வரும் காலத்தில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

மீந்தால்

எலுமிச்சைச் சாறு கலக்காத சூப் மட்டும்தான் எடுத்து வைக்க ஏற்றது. அதனால் மொத்தப் பாத்திரத்திலும் சாறைப் பிழியாமல், சாப்பிடும் அளவுக்கு மட்டும் கிண்ணத்தில் கலந்துகொள்வது நல்லது. ஆறியதும் புல்லையும் இலையையும் எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சூடாக்கும்போது சிறு தீ. வேகவைத்த அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, புதிதாக எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

வாங்கிய மூலிகைகள் மீந்தால் வாடவிடாதீர்கள். அரத்தையை வில்லையாகவே நறுக்கி, எலுமிச்சைப் புல்லைத் துண்டாக்கி, மாக்ருட் இலையைத் துடைத்து, தனித்தனிப் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் போட்டால் சில மாதங்களுக்குக் கவலையில்லை. உருகவைக்க வேண்டியதில்லை, உறைந்தபடியே பாலில் போடலாம். கொத்தமல்லி வேரையும் இதேபோல் ஒரு பையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.